ஆறு நொடி

ரெஜினா பிரசவத்துக்குப் போயிருக்கிறாள்.
இந்த வாரம் எட்டு மணி விவாதத்தை நடத்துகிறவர்
முன்னாள் எம்.எல்.ஏ. பூவலிங்கம்.

தொண்டியில், வலைக்கடைக்கு மேல் மாடி.
கடல் உள்ளே வந்துவிடக் கூடாதென்று
சுவரெங்கும் முட்டை அட்டை ஒட்டியிருக்கிறோம்.
அவர் முதுகுக்குப் பின்னே திரையில்
எந்த நாட்டுக் கடலோ, நீலமாய், சத்தமில்லாமல்.
கேமரா நான். ஒலி நான். டீ வாங்கி வருவதும் நான்.
மைக் மாட்ட அருகே போனால்
மாலைக்குக் குனிகிற பழக்கத்தில்
தலை தானாகத் தாழ்கிறது.

ஆள் கெட்டிக்காரர்.
பத்து வருஷம் பதில் சொல்லாமலே இருந்தவருக்கு
பதில் எந்த நண்டுவளையில் பதுங்கும் என்று தெரியாதா,
கையை விட்டு இழுத்துப் போடுகிறார்.
திங்களன்று சேர்மனுக்கு வியர்த்தது.
மறுநாள் ஒரு மாவட்டச் செயலாளர்
பாதியில் எழுந்து போனார், சட்டையில் எங்கள் மைக்கோடு.
ஜவுளிக்கடை விளம்பரம் இரண்டு கூடியது.

புதனன்று மீன்துறையிலிருந்து
ஒரு இளம் பொறியாளர். கையில் ஃபைல்.
முதல் அழைப்பே
மோர்ப்பண்ணையிலிருந்து முத்துராக்கு:
"தூண்டில் வளைவு எப்ப சார் வரும்?
போன வாடையில எங்க வத்தை ரெண்டையும்
அலை அறுத்துக்கிட்டுப் போயிருச்சு."

"சொல்லுங்க, எப்ப?" என்று திரும்பினார் பூவலிங்கம்.
"திட்ட மதிப்பீடு தயாராகிட்டு இருக்குங்க சார்."

சிரித்தார். கேமராவுக்கான சிரிப்பு இல்லை அது.
"தம்பி, அது நான் சொன்னது.
என் லெட்டர்பேடுல, என் கையெழுத்துல
அந்தம்மா வீட்டுலயே இருக்கும்."

அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.
விளம்பரப் பொத்தான் மேல் என் விரல்.
நேரலையில் மூன்று நொடி மௌனம் என்றாலே
முதலாளி போன் பண்ணிவிடுவார்.
நான் அழுத்தவில்லை, ஏனென்று கேட்காதீர்கள்.
முத்துராக்கும் போனை வைக்கவில்லை.
அவளுக்குப் பின்னாலிருந்து
ஸ்பீக்கரில் கரகரவென்று அலை.
சன்னல் வழியாக விடாத கடல்
மோர்ப்பண்ணை போய், டவர் ஏறி
உள்ளே வந்துவிட்டது.

"ஒரு சிறிய இடைவேளை" என்றார்,
ரெஜினாவைவிடச் சுத்தமாக.

முடிந்து மைக்கைக் கழற்றும்போது
அந்தம்மா நம்பரைக் கேட்டார்.
விளம்பர ரேட் அட்டையின் பின்னால் எழுதிக் கொடுத்தேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
மண்ணெண்ணெய் மானியத்துக்கு
அப்பா கொடுத்த மனு போனதும் அந்தப் பைக்குள்தான்.
சட்டை வேறு.

கீழே இருட்டில் செருப்பைக் காலால் தேடிக்கொண்டே
"ராமநாதபுரம் பஸ் போயிருச்சா?" என்றார்.
ஒன்பது நாற்பதுக்கு ஒன்று இருக்கிறது என்றேன்.
அவர் கொடியசைத்துத் தொடங்கிவைத்த பஸ்.
"நின்னு போகுமா இங்க?" என்று கேட்டார்.