முதல் இரண்டு வீண்

தம்பி ஜொகூரிலிருந்து அனுப்பிய அட்டவணையில்
பதினொரு பத்திகள்.
வருடம், மாதம், தோட்டம், டிவிஷன், நிகழ்ச்சி,
படத்தில் இருப்பவர், ஃபிலிம் வகை, இன்னும் என்னவோ.
நல்ல பிள்ளை. வங்கியில் வேலை.
ஒரு நெகட்டிவைக்கூடக் கையால் தொட்டதில்லை.

என்னிடம் இருப்பது
ஒன்பது மைலோ டின்,
அவற்றுக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு ரோல்,
பஞ்சுக் கையுறை ஒரு சோடி,
தவணையில் வாங்கிய ஸ்கேனர்.
பகாவ் பெரிய சாலை, சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
கீழே செம்பனைக் குலை லாரி போகும்போதெல்லாம்
மேசை நடுங்கும்.
அந்த நொடியில் விளக்கு கடந்த இடம்
படத்தில் நெளிந்துவிடும்.
ஒரு மணப்பெண்ணின் கழுத்தில்
லாரி ஓடியிருந்தது.
மறுபடி வைத்து எடுத்தேன்.

முதல் வாரம் அட்டவணைக்கு உண்மையாக இருந்தேன்.
வருடம்: தெரியாது.
மாதம்: தெரியாது.
தோட்டம்: எப்படிச் சொல்ல?
எல்லாத் தோட்டத்துப் பந்தலிலும்
அதே வாடகை நாற்காலி.
அப்பா உறைமேல் எழுதியதெல்லாம் பாக்கிக் கணக்கு.
கிராணி வீடு, பதினாலு வெள்ளி, வரவில்லை.
தீமிதி, பாதி வந்தது.
யூனியன் கூட்டம், சும்மா.

ரோலுக்கு ஒன்றரை மணி நேரம்.
இப்படியே போனால்
அடுத்த தீபாவளியும் கடந்துவிடும் என்று
பத்திகளை ஒவ்வொன்றாக அழித்தேன்.
மிஞ்சியவை ரோல் எண், பட எண்.
தூசியை ஊது, பளபளப்பைக் கீழே வை, மூடு,
ஒரே பொத்தான்.
‘படங்களைத் தானாகக் கண்டுபிடி’ என்ற கட்டத்தில்
ஒரு டிக்.
இயந்திரம் கெட்டிக்காரத்தனமானது;
ரோலின் தலைப்பில் வெளிச்சம் தின்ற துண்டுகளைப்
படமென்றே ஒப்புக்கொள்ளாது,
தாண்டிப் போய்விடும்.

ஓர் இரவு டிக் போட மறந்தேன்.

தாண்டாமல் வந்தது:
பாதி வெள்ளைத் தீ,
மீதியில் கடையின் பின்சந்து,
கொடிக்கயிறு, நீல வாளி,
வாளிக்குக் குனிந்த ஒரு முதுகு.
அடுத்த ரோலிலும் அதே சந்து, அதே வாளி.
அதற்கடுத்ததிலும்.

ஃபிலிம் மாட்டியதும் பின்வாசல் படிக்குப் போய்
இரண்டு தரம் தட்டிவிட்டு வருவார்.
“முதல் ரெண்டு வீண். அதுக்குக் காசு இல்ல”
என்பார் வந்தவர்களிடம்.

வீட்டில் அம்மாவுக்கு
ஐசி படத்தைத் தவிர வேறு படம் கிடையாது.
இங்கே முழங்கை.
பல்லில் கடித்த கிளிப்.
பிழிந்த போர்வையின் பின்னால் இரண்டு கால்.
தள்ளிய வயிறு, அது நான்.
இடுப்பில் அழுகிற ஒன்று, அது தம்பி,
அட்டவணை போடக் கற்குமுன்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.
“அந்த வாளிய யாரு எடுத்துட்டுப் போனது?”
கொஞ்ச நேரம் கழித்து,
“இல்ல, ஓட்டை விழுந்துச்சு. நீ அப்ப ஸ்டாண்டர்ட் டூ.
அப்புறந்தான் செவப்பு வாளி.”

அன்றிரவே முடிந்தது வேலை.
மூன்று கோப்புறைகள்:
நீல வாளி,
சிவப்பு வாளி,
வாஷிங் மெஷின்.
தம்பி போன் செய்தான். “அக்கா, இது என்ன சிஸ்டம்?”
“வேலை செய்யிற சிஸ்டம்.”
இப்போது யார் வந்து கேட்டாலும்
அரை நிமிடம்.
உங்க கல்யாணமா, சிவப்பு வாளி, நூற்று நாற்பதாம் ரோல்.

மூன்றாவதில் நாற்பத்தாறு ரோல்.
மெஷின் வந்தபின் அம்மா பின்சந்துக்குப் போனதில்லை.
கயிறு அறுந்து ஆணி மட்டும் நிற்கிறது.
அவற்றிலும் முதல் இரண்டு உண்டு.
அதே படி, அதே உயரம்,
காலிச் சந்து.
காலிச் சந்து.