நாற்பது வாரச் சக்கரம்

மார்ச்சின் மூன்றாம் வெள்ளியில்
சிவப்பு அம்பை நிறுத்தினேன்.
மறு அம்பு ஜூன் முதல் வாரத்தில் போய் நின்றது.
கர்ப்பிணிகளுக்கு நாள் குறிக்கும் அட்டைச் சக்கரம்.
இரும்புச்சத்து மாத்திரைக் கம்பெனி
இலவசமாகக் கொடுத்தது.
நடு ஆணி தளர்ந்து
இரண்டு நாள் முன்னே பின்னே காட்டும்.
பரவாயில்லை, குழந்தைகளும் அப்படித்தான்.

யாங்கோன், தாம்வே, நான்காம் மாடி.
ஒரு நாள் மின்சாரம் ஐந்து முதல் ஒன்பது,
மறுநாள் ஒன்பது முதல் ஒன்று.
அதற்குள் சோறு, மோட்டார், செல்போன்,
பிறகுதான்
இதய முணுமுணுப்புகள் பற்றி நாற்பது கேள்விகள்.

ஜூனுக்குள் சான்றிதழ்கள் போய்ச் சேர வேண்டும்.
ஜூலையில் பாங்காக்கில் இரண்டாம் தேர்வு.
ரெண்டு வளையல் போதும் என்றான் தம்பி.
தங்கம் விலை ஏறியதற்கு
எங்கள் வீடு சந்தோஷப்பட்டது அன்று மட்டும்தான்.
செப்டம்பர் கடைசியில் விண்ணப்பம்,
அதற்கு முன் மூன்று கடிதங்கள்.

முதல் பேராசிரியர் மோல்மேனில்
டுரியன் தோட்டம் பார்க்கிறார்.
நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.
என்னை நானே புகழ மூன்று இரவு பிடித்தது.
'அபாரமான' என்பதை மட்டும் அடித்துவிட்டார்.
இரண்டாமவர் எண் உபயோகத்தில் இல்லை.
மூன்றாமவர் எங்கே என்று
யாரிடமும் கேட்கக் கூடாது.

படிவம் கடைசிப் பெயர் கேட்டது.
பதிவேட்டில் நான் டின் டின் நுவே,
அதில் முதலும் இல்லை, கடைசியும் இல்லை.
வீட்டில் அங்கயற்கண்ணி,
அவளுக்குக் காகிதமே கிடையாது.
நுவேயைப் பிய்த்துக் கடைசிக் கட்டத்தில் போட்டேன்.
அன்றிலிருந்து 'அன்புள்ள டாக்டர் நுவே' என்று
மின்னஞ்சல்கள் வருகின்றன.
பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிறேன்.

பிறகு அந்தக் கேள்வி:
2021 பிப்ரவரி முதல் 2023 ஜூன் வரை
இடைவெளி உள்ளது, விளக்குக.
ஐநூறு எழுத்துகளுக்குள்.

ஒரு கார் கொட்டகை.
மேசைப் பந்துப் பலகைமேல் தார்ப்பாய்.
பத்தொன்பது வயதுத் தொடையில்
பட்டு நூல் தீர்ந்துபோய்
தூண்டில் நரம்பைக் கொதிக்கவைத்துத் தைத்த இரவு.
டார்ச் பிடித்தவன் கை நடுங்கவில்லை.
அவன் பெயரை எழுத முடியாது.
எழுதியதையெல்லாம் அழித்தேன்.
'சமூக மருத்துவப் பணி' என்று போட்டேன்.
கட்டத்தில் மிச்சம்
நிறைய வெள்ளை.

நேர்காணல் வந்தால்
அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள்.
டிசம்பரில் அவர்கள் காலை எட்டு
எங்களுக்கு இரவு ஏழரை.
அந்த அரை மணியைக் கணக்கில் விட்டு
கூடப் படித்தவன் ஒருவன் ஒரு வருஷத்தை இழந்தான்.
இடம் உண்டா இல்லையா என்பது
மார்ச்சில் ஒரு திங்கள் இரவு எட்டரைக்குத் தெரியும்.
முறைப்படி பார்த்தால் அன்றைக்கு
எங்கள் தெருவுக்கு மின்சாரம் ஒன்பதுக்குத்தான்.

நேற்று கிளினிக்கில் பொன்னழகி,
பசுண்டாங்கில் டீக்கடை வைத்திருப்பவள்.
கடைசியாக எப்போது குளித்தாய் என்றேன்.
"பொங்கலன்னிக்குத்தான் டாக்டர்.
கோயிலுக்குப் போக முடியாமப் போச்சே,
மறக்குமா?"
சக்கரத்தை எடுத்தேன்.
என் வெள்ளிக்கிழமையிலேயே நின்றிருந்தது.
அதைத் தள்ளி ஜனவரி பதினாலுக்குத் திருப்பினேன்.
அக்டோபர் இருபத்தொன்று.

"அப்ப நீங்க இருப்பீங்கதானே?"
இருப்பேன், பகலில் என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.
"ரெண்டாவதுக்கும் நீங்கதான்" என்று
தானே சொல்லிச் சிரித்துக்கொண்டாள்.
மேசைமேல் வைத்த சக்கரம்
தளர்ந்த ஆணியில் கொஞ்சம் நகர்ந்தது.
இரும்பு மாத்திரை எழுதிக்கொடுத்தேன்,
டீயோடு மட்டும் போடாதே என்றேன்,
டீக்கடைக்காரியிடம்.