வளையாத பெயர்

கிரிம்ஸ்பியில் மணி பதினொன்று.
மீன் கம்பெனிக்கு எழுதுகிற கடிதம்,
மூன்றாவது தாள்.

'டேமேஜ்' வரை வந்து நிற்கிறேன்.
பின்னால் எந்தச் சின்னச் சொல்?
'ஆஃப்' என்றேன்.
மாடிவீட்டு டெஸ்மண்ட் தலையசைத்தார்: 'டு.'
முப்பது வருஷம் துறைமுகத்தில்
சரக்குச் சீட்டு எழுதிய மனிதர்.
ஏன் என்று கேட்டால்
"அது அப்படித்தான்" என்று
பிஸ்கட்டை டீயில் முக்குகிறார்.

'ரீசன்' என்றால் 'ஃபார்',
'காஸ்' என்றால் 'ஆஃப்.'
லிதுவேனியாவில் எங்களுக்கு
இரண்டும் ஒரே சொல்தான்.
அங்கே பெயரின் வாலே வளைந்து சொல்லிவிடும்,
யாருடையது, யாருக்கு, எதனால் என்று.
இங்கே பெயர் விறைத்துக் கிடக்கிறது,
ஐஸ் பெட்டியில் மீன் போல.
பக்கத்தில் எந்தச் சொல்லைப் போட்டாலும்
முகம் மாறுவதில்லை.

'இன்க்ரீஸ்' எழுதினேன்.
"இன்" என்றார், நான் கேட்குமுன்னே.
பெல்ட்டின் வேகத்தில்.
நிமிஷத்துக்கு நாற்பது பெட்டி
அன்று காலை ஐம்பத்தைந்து.
எண்ணுக்கு முன்னால் எதுவும் வேண்டாமாம்.
நிம்மதியாக இருந்தது.

சோபாவில் வைதாஸ்
சத்தமில்லாத டிவியைப் பார்க்கிறான்.
இடது கை தலையணைமேல்,
வேறு யாரோ மறந்து வைத்துப் போனது மாதிரி.

கம்பெனியின் கடிதத்தை எடுத்தேன்.
எட்டு வரி. ஒரு பிழை இல்லை.
'ஆப்சென்ஸ் ஃப்ரம்' வேலை: பதினோரு வாரம்.
நான் எழுதினேன்,
'ஆப்சென்ஸ் ஆஃப்' இரண்டு விரல்.
எத்தனை வாரம் என்று
எழுத இடம் விட்டு,
பிறகு அந்த இடத்தை அடித்தேன்.
டெஸ்மண்ட் படித்தார்.
பென்சிலைத் தூக்கவில்லை.
டீ ஆறிவிட்டது.

அவர்கள் மன்னிப்பும் கேட்டிருந்தார்கள்:
'அப்பாலஜி ஃபார்', ஏற்பட்ட சிரமம்.
சரிதானே?
"சரிதான்," என்றார்,
பிறகு கண்ணாடியைக் கழற்றி,
"அதே பெயருக்கு இன்னொன்றும் உண்டு. 'டு.'
யாரிடம் என்பதற்கு.
அதை அவர்கள் போடவில்லை.
போடாமல் விட்டால் இலக்கணப் பிழை ஆகாது."

கடைசி வரியில் அதை நான் கேட்டேன்.
'டு' எழுதி, அதன் பக்கத்தில்
வைதாஸ் நோர்குஸ்.
எங்கள் மொழியில் இந்த இடத்தில்
அவன் 'வைதுய்' என்று வளைந்திருப்பான்.

உறையை ஒட்ட
அவன்தான் எழுந்து வந்தான்.
மிச்ச விரல்களால் ஓரத்தை அழுத்திக்கொண்டு,
"அந்தப் பெல்ட் இப்போது எவ்வளவு ஓடுது,
கேட்டியா?" என்றான்.

கேட்கவில்லை.
அதற்கு எந்தச் சொல் என்று
நாளைக்குத்தான் பார்க்க வேண்டும்.