மூன்று பத்தி அகலம்

ஆறரைக்குள் படம் வரவேண்டும்.
மூன்று பத்தி அகலத்தை வெள்ளையாய் விட்டு
காத்திருப்பேன், பக்கம் கட்டுகிறவன்.
பத்திநாதன் உட்துறைமுக வீதியால்
சைக்கிளில் வருவார்.
மழையென்றால் படம் சேட்டுக்குள்.

அமைச்சரின் மூக்கைத்தான் முதலில் கீறுவார்.
மூக்கு சரிவந்தால்
ஆள் தானாக வந்து குந்துவான் என்பார்.
அந்த மூக்குக்காக ஒருநாள்
இரண்டு பேர் கந்தோருக்கு வந்தார்கள்.
பிளேன்ரீ குடித்தார்கள்.
மகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார்கள்.
நல்ல பள்ளிக்கூடம் என்றார்கள்.

மறுநாள் மூக்கில்லை.
எண்ணெய்க் குதத்தின் நிழலில்
ஒரு சோடிச் செருப்பு, வார் பிய்ந்தது.
மீன் சந்தையில் செருப்பைப் பார்த்தே
பெயர் சொல்லிச் சிரித்தார்களாம்.

செருப்பும் கூடாதென்று ஃபோன் வந்தது.
டச்சுக்குடா மணலில்
தடத்தை மட்டும் கீறித் தந்தார்.
அதற்கு யாரும் ஃபோன் எடுக்கவில்லை.
எடுத்தால் தடம் யாருடையதென்று
அவர்களே சொன்னதாகிவிடும்.

தேர்தலில் தோற்ற பிறகு
அமைச்சரே எடுத்தார்:
"தம்பி, அந்தச் செருப்புப் படம்
ஒறிஜினல் கிடக்கோ? ஹோலில மாட்ட."
கொடுத்துவிட்டார் பத்திநாதன், சும்மா.
காசு கேட்டிருக்கலாம்.
மூக்குக் கண்ணாடி மாற்ற
கிளினிக்கில் நாள் எடுத்துக்கொண்டு திரிகிறார்.

புதிய அமைச்சரின் மூக்கு
இன்னும் பிடிபடவில்லையாம்.
ஆறு இருபது.
திரையில் பெட்டி வெள்ளையாகக் கிடக்கிறது.
ஜன்னலுக்குக் கீழே,
கோட்டைப் பக்கமிருந்து வந்த புள்ளிமான்
நேற்றைய பேப்பரை மெல்கிறது,
விளையாட்டுப் பக்கத்திலிருந்து
எங்கள் பக்கத்தை நோக்கி.