உள்ளது உள்ளபடி

காரைக்குடி வங்கியின் கொட்டடியில்
மூன்று கத்திரி வெயில் தின்ற டிராக்டரை
ஏலத்தில் எடுத்தேன்.
தாளில் அச்சடித்திருந்தது:
உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்திலிருந்து.
கையெழுத்துப் போடும்போது
பின்னால் யாரோ சிரித்த மாதிரி இருந்தது.

கயிறு கட்டி இழுத்து வந்தோம்.
கோட்டையூர் தாண்டி, பள்ளத்தூர் தாண்டி
வழியெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு
ஓட்டுகிறவன் போல உட்கார்ந்திருந்தேன்.
டீக்கடையில் இருந்தவர்கள்
இழுக்கிற வண்டியை விட்டுவிட்டு
என்னைத்தான் பார்த்தார்கள்.

ஐப்பசியின் மூன்றாம் மழை விட்ட காலை.
கண்மாய்த் தண்ணீர் மடையைத் தொட்டாயிற்று.
செம்மண் இன்னும் நாலு நாள்தான்
கொழுவுக்கு இணங்கும்.
அதற்கப்புறம் செங்கல்.

சாவியைத் திருகினேன்.
டக்.
அவ்வளவுதான்.

பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருந்தது.
வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் தேய்த்து,
அதுவும் போதாமல்
மைத்துனன் லாரியின் பேட்டரியைக் கடன் வாங்கி மாட்டினேன்.
இப்போது சுற்றியது.
சுற்றியது, சுற்றியது,
பிடிக்கவில்லை.
வெள்ளைப் புகை வந்தால் ஒரு வியாதி,
கறுப்பு வந்தால் வேறு வியாதி.
ஒன்றுமே வராவிட்டால்
டீசல் இன்னும் வாய்க்கு எட்டவில்லை.

புதுவயலிலிருந்து இன்னாசி வந்தான்.
அரிசி ஆலை மோட்டார் பார்க்கிறவன்,
டிராக்டரும் தெரியும் என்றான்.
பில்டர் கிண்ணத்தில் மூன்று வருஷத்துக் கஷாயம்.
கொட்டிவிட்டுப் புதுசு மாட்டினோம்.
காற்று எடுக்கும் திருகைத் தளர்த்தி
கைப் பம்பைக் கட்டைவிரலால் குத்தக் குத்த
நுரை வந்தது, பிறகும் நுரை வந்தது,
பிறகு குமிழியில்லாமல் கம்பி மாதிரி டீசல்.
இறுக்கினோம். சுற்றியது. பிடிக்கவில்லை.
நாசில் நட்டுகளை நெகிழ்த்திவிட்டு
மறுபடி சுற்றச் சொன்னான்.
மூன்று குழாயும் வறண்டு கிடந்தன.
பம்பு வரைக்கும் வருகிறது,
பம்பைத் தாண்டவில்லை.
'பம்பு செத்திருக்கும்.
கழற்றி மதுரைக்கு அனுப்பணும்.
பதினெட்டாயிரம். பத்து நாள்.'
சொல்லிவிட்டு அவன் டீ குடித்தான்.
நான் மண்ணைப் பார்த்தேன்.

டார்ச் பிடித்து நின்ற உமையாள் கேட்டாள்,
'நிறுத்துறதுக்கு ஒரு குமிழ் இழுப்பாங்களே,
அந்தக் கம்பி எங்கே போகுது?'
குமிழ் உள்ளேதான் இருந்தது.
கம்பி பம்புக்குப் பின்னால் போய் மறைந்தது.
என் கை நுழையவில்லை,
இன்னாசியின் கை நுழையவில்லை.
வளையலைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு
முழங்கை தாண்டிக் கையை விட்டாள்.
கண்ணை மூடிக்கொண்டாள்.
'ஒரு சின்ன லீவர்.
அதைப் பின்னுக்கு இழுத்து
கட்டுக்கம்பி போட்டிருக்கு.
மூணு முறுக்கு.
இது தானா வந்ததில்லை.'

வெளியே எடுத்த கம்பியை
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம்.
முறுக்கின் நுனி உள்பக்கம் மடங்கியிருந்தது,
பக்கத்து டீசல் குழாயை உரசிவிடாதபடி.
இன்னாசி சொன்னான்,
'ஓடவே கூடாதுன்னு கட்டினவனுக்கு
ஓடினா உரசுமேன்னு என்ன கவலை?'

நாலாவது சுற்றில் இருமியது.
ஒரு சிலிண்டர், தயங்கி இன்னொன்று,
கடைசியில் மூன்றும் ஒரே குரலில்.
பூட்டிக் கிடக்கும் வீட்டின் நீள மதில்
சத்தத்தை வாங்கி
இரட்டையாகத் திருப்பிக் கொடுத்தது.

ஏலத் தாளில் பழைய பெயர் இருந்தது: சொர்ணலிங்கம்.
வயலுக்குப் போகிற வழி அவன் வீட்டு வழிதான்.
நின்று இரண்டு வார்த்தை பேச நினைத்திருந்தேன்.
என்ன வார்த்தை என்று தெரியாது.
நிறுத்தினால் மறுபடி பிடிக்குமா என்பதும் தெரியாது.
வேகத்தை மட்டும் குறைத்தேன்.
பாதி மழித்த முகத்தோடு வாசலுக்கு வந்தான்.
என்னைப் பார்க்கவில்லை.
தலையைச் சாய்த்து
சோப்பு நுரை காய்கிறவரைக்கும் கேட்டான்.
பிறகு இரண்டு விரல் காட்டினான்.
இரண்டாவது நாசிலா, இரண்டாவது கியரா,
வேறு ஏதாவது கணக்கா,
கேட்கவில்லை.

சட்டைப் பையில் கம்பி கிடந்தது.
வழியெல்லாம் குலுங்கியும்
குத்தவில்லை.