லொட் நாற்பத்தொன்று, மூடி இல்லை

பம்பலப்பிட்டியில் மிஸிஸ் ஸ்கோக்மனின் வீட்டை
மெல்போர்னிலிருந்தபடி பிள்ளைகள் விற்ற சனிக்கிழமை,
நனைந்த குடைகளை வாசலில் குவித்துவிட்டு
அவளுடைய அலுமாரிகளுக்குள் கைவிட்டோம்.
மீன் கத்திகள் பதினொன்று.
பன்னிரண்டாவது எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.
வெள்ளி முலாம் தேய்ந்து
பித்தளை எட்டிப் பார்க்கும் தட்டு.
மூக்கு நீண்ட ஒரு கிண்ணத்தை
ஏலக்காரர் படகு என்றார். குழம்புக்காம்.

"லொட் நாற்பத்தொன்று. தேநீர்ப் பானை.
ஸ்டாஃபோட்ஷயர், நீலம், மூடி இல்லை."
கடைசி இரண்டு சொல்லையும் ஓர் இருமலுக்குள் ஒளித்தார்.

நான் காப்புறுதிக் கந்தோர்க்காரி.
நசுங்கிய பம்பர்களின் படங்களைப் பார்த்து
இது பழைய காயம், இது புதுசு என்று
நாள் முழுக்கப் பிரிப்பவள்.
இருமலை நம்புவதில்லை.
கை எப்படியோ உயர்ந்துவிட்டது.

பானையின் தோளில் ஒரு பறவை.
சீனாவைக் காணாத எவனோ
சீனா என்று நினைத்த பறவை.
சிறகு விளிம்புவரை வந்து அறுந்து நிற்கிறது.
சிறகின் மிச்சமும் சோடிப் பறவையும்
மூடியோடு போயிருக்கவேண்டும்.

மூன்று வருடம்.
பஞ்சிகாவத்தையில் ரேடியேட்டர்களுக்கு நடுவே,
தெஹிவளையில் கால் போன பியானோவின் கீழே,
கைப்பையில் அளவு நாடாவோடு.
மூன்று அங்குலம், ஒரு நூல் குறைய.
வெள்ளவத்தை ஃப்ளாட்டில் பத்தொன்பது பானைகள்.
இதற்கு மட்டும் ஒரு பீரிசைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.
மச்சாள் பவளராணி வரும்போதெல்லாம் சொல்லுவாள்:
"தலைக்குத் தொப்பி தேடலாம்,
நீ ஓட்டைக்கெல்லோ தேடுறாய்."

பிறகு கொம்பனித்தெருவில் ஒரு முச்சக்கரவண்டி
சஹிதீனின் தேநீர்க்கடைக்குள் புகுந்தது.
கணக்கெடுக்கப் போனேன்:
கண்ணாடிப் பெட்டி ஒன்று, ரோல்ஸ் இருபத்திரண்டு,
வாங்கில் ஒன்று, அதன் ஒரு கால் ஏற்கெனவே ஆடியது.
சீனிப் போத்தலுக்கு வந்தபோது பேனை நின்றது.
நீல மூடி. அரைச் சிறகு. ஒரு முழுப் பறவை.

"அது உடையேல்ல மிஸ், எழுத வேணாம்."
"விப்பீங்களா?"
"வித்தா எறும்பு வருமே."

அடுத்த வெள்ளி, ஜும்மாவுக்குப் பிறகு,
துவாயில் சுற்றிய பானையோடு நூறாம் இலக்க பஸ்ஸில் போனேன்.
அவர் மூடியைக் கழுவினார்,
சாரத்தில் துடைத்தார்,
நான் கேட்காமலே வைத்துப் பார்த்தார்.

சத்தமே இல்லை.
மூன்று வருடமாக அந்தச் சத்தம் எப்படியிருக்கும்
என்று யோசித்திருந்தேன்.
சிறகு சிறகோடு சேர்ந்தது, வயதான ஒருவர்
கதிரையில் உட்காருவதுபோல.

நான் விலையை வாயில் உருட்டிக்கொண்டிருக்கையில்
அவர் முந்திக்கொண்டார்:
"பானை எவ்வளவு மிஸ்?"

வாங்குகிறவள் நான் என்றுதான் நினைத்திருந்தேன்.
கைப்பையில் மடித்த ஐயாயிரங்கள்
திடீரென்று வேறு யாருடையவோ ஆகிவிட்டன.
சுவரில் போன வருடத்துக் கலண்டரைப் பார்த்தேன்.
அவரும் அதையே பார்த்தார்.

பேச்சில்லாத அந்த இடைவெளியில்
அவர் செய்ததைத் தடுக்க எனக்குத் தோன்றவில்லை:
கொதிக்கும் சாயத்தைப் பானைக்குள் வடித்து,
மூடியை ஒரு விரலால் அழுத்தி,
எனக்கொரு பிளேன்டீ ஊற்றினார்.

மூக்கின் அடியால் ஒழுகியது.
கோப்பைக்குள் பாதி, மேசையில் பாதி,
என் நஷ்ட அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில்
ரோல்ஸ் இருபத்திரண்டின் மேல் கொஞ்சம்.

"இது எப்பவும் இப்படித்தானா?" என்றார்.

தெரியாது என்றேன்.
வீட்டில் நான் குடிப்பது
பால்மா பக்கெட்டுடன் இலவசமாக வந்த மக்கில்.