ஆறாவது வில்லை

காலை ஏழே முக்கால். தரமணி.
எஃகு வில்லைகள் ஆறு
இரண்டு கலன்களில் இருபத்தொரு நாள் கிடந்து
இன்று வெளியே வருகின்றன.

நூறு பார் அழுத்தத்தில்
வாயுவென்றும் நீர்மமென்றும் சொல்லிவிட முடியாத ஒன்றாக
அவற்றைச் சூழ்ந்திருந்தது கரியமிலவாயு.
எண்ணூர்ப் புகைபோக்கிகள் விடும் மூச்சை
என்றோ ஒருநாள் பிடித்து, உலர்த்தி,
குழாய் வழியே கடலடிப் பாறைக்குள்
இறக்கிவைப்பதாக ஒரு திட்டம்.
அந்தக் குழாய்க்கு எந்த உலோகம்
என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

ஐந்து வில்லைகள்
போன எடையோடே திரும்பியிருந்தன.
பிறந்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள்கூட
இப்படித் திரும்புவதில்லை.
உலர்ந்திருக்கும்வரை இந்த வாயு சாது.
சாதாரணக் கார்பன் எஃகே போதும்.

ஆறாவது, அடுத்த கலன்.
பதின்மூன்றாம் நாள் இரவு
மின்சாரம் போய், உலர்த்தி நின்று,
ஈரம் உள்ளே புகுந்திருக்கிறது.
பதிவேட்டில் பென்சிலால் ஒரு வரி:
கரண்ட் இல்லை. 1.10 முதல் 5.10 வரை. தே.ச.
தேவசகாயம் மறைக்கவில்லை.
மறைத்திருந்தாலும் வில்லை சொல்லியிருக்கும்.

எடைக்குறைவு மூன்று மில்லிகிராம்.
ஓர் எள்ளின் கனம்.
நுண்ணோக்கியின் கீழே
நடுவில் ஒரு குழி,
வாய் சிறுத்து, உள்ளே அகன்று,
நண்டு வளை மாதிரி.

மதியம் கூட்டம்.
பத்மலோசனி கணக்குப் போட்டு வைத்திருந்தார்:
தொண்ணூறு கிலோமீட்டரும் டூப்ளெக்ஸ் என்றால்
திட்டத்தையே மூடிவிடலாம்.
கார்பன் எஃகு என்றால்
உலர்த்தி ஒருபோதும் தூங்கக் கூடாது.
"தூங்காது" என்றார் ஒருவர்,
ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி.
யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும்.

குடியிருப்பது திருவொற்றியூரில்.
அலைக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு சாலைதான்.
வருஷத்துக்கொரு தரம் கம்பிகளுக்கு
வீட்டுக்காரர் ஆசீர்வாதம் பெயின்ட் அடிக்கிறார்,
துருவின் மேலேயே.
இப்போது கம்பியாக நிற்பது
பெயின்ட்தான் என்று சந்தேகம்.
விரலால் அழுத்திப் பார்த்ததில்லை.
பார்த்தால் தெரிந்துவிடும்.

ஜன்னலையாவது மாற்றலாம்.
எண்பது மீட்டர் தண்ணீருக்கு அடியில் கிடப்பதை
யார் போய்த் தட்டிப் பார்ப்பது?

எழுதினேன்:
நெடுவழி முழுக்கக் கார்பன் எஃகு.
கிணற்றில், பாறையின் உப்புநீர்
மேலேறி வரக்கூடிய இடத்தில் மட்டும்
விலை உயர்ந்தது.
ஈரம் எல்லை தாண்டினால்
வால்வு தானே மூடிக்கொள்ளட்டும்,
யாரிடமும் கேட்காமல்.

பிறகு ஆறாம் வில்லையின் படத்தை
பின்னிணைப்பிலிருந்து எடுத்து
முதல் பக்கத்தில் வைத்தேன்.
பத்மலோசனி பார்த்தார்.
எடு என்று சொல்லவில்லை.
வை என்றும்.

மாலை, பறக்கும் ரயில் நிலைய வாசலில்
ஒரு பன்னீர் சோடா.
மூக்கில் ஏறும் குமிழி,
நாக்கில் சுள்ளென்று அந்தப் புளிப்பு.
இதே வாயு. இதே நீர்.
கடைக்காரர் திறந்து போட்ட தகர மூடியின்
உள்விளிம்பில்
பழுப்பாக ஒரு கோடு.
துடைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.
வேளச்சேரிப் பக்கம் போகிற வண்டி வந்தது;
எனக்கு எதிர்த்திசை.